மூன்று கிரேயூசாக்கள்

கிரேக்கப் புராணம் படிக்க ஆரம்பித்தால் முதலில் வருவது பெயர்க் குழப்பம்தான். கிரேயூசா என்ற பெயரில் மட்டும் குறைந்தது மூன்று பேர்!

முதலாமவள் ஏதென்ஸ் மன்னன் எரெக்தியஸின் மகள். அப்பல்லோ பலவந்தப்படுத்தியதால் பிறந்த குழந்தையைக் குகையில் விட்டுவிட்டு, பல ஆண்டுகள் கழித்து அவனைக் கண்டடைகிறாள்.

இரண்டாமவள் கொரிந்து மன்னன் கிரேயோனின் மகள். ஜேசன் மிடியாவைக் கைவிட்டு இவளை மணக்க, மிடியா அனுப்பிய விஷ ஆடையால் சாகிறாள்.

மூன்றாமவள் டிராய் மன்னன் பிரியாமின் மகள், ஈனியாஸின் மனைவி. நகரம் எரிந்த இரவில், தந்தையைச் சுமந்து மகனைக் கைப்பிடித்துக் கணவன் ஓட, பின்னால் வந்த இவள் தொலைந்துபோகிறாள்.

ஏன் ஒரே பெயர்? கிரேயோன் என்றால் ஆள்பவன். கிரேயூசா அதன் பெண்பால், நம்ம 'அரசி' மாதிரி. பாதி பெயர், பாதி பட்டம்! கி.மு. 431-இல் யூரிப்பிடிஸ் எழுதிய 'மிடியா'வில் அந்த மணப்பெண்ணுக்குப் பெயரே இல்லை. பின்னால் வந்தவர்கள்தான் கிரேயூசா என்றும் கிளாகே என்றும் அழைத்தார்கள்.

அதே யூரிப்பிடிஸ் 'அயோன்' நாடகத்தில் ஏதென்ஸ் கிரேயூசாவை மேடையில் நிறுத்தி, தனக்கு நடந்ததை அவள் வாயாலேயே சொல்ல வைத்தார். மற்ற இருவரும் எனக்கு இன்னாருடைய மகள், மனைவி என்றுதான் நினைவில் இருக்கிறார்கள். இவள் மட்டும் கிரேயூசாவாகவே நிற்கிறாள்.