நட்டவர் இல்லாத கிழங்கு



எங்கள் நைனார்பாளையத்துக்கு வடமேற்கே கல்வராயன் மலைத்தொடர் அமைந்துள்ளது. என் இளமையில் மாகாளிக்கிழங்கு வீட்டுக்கு வந்த நாள் திருநாளாகவே இருக்கும். அன்னையார் அதன் தோலைச் சீவி, நடுநரம்பை நீக்கி, துண்டுகளாக்கி மோரில் ஊறவைப்பார். அதன் மணம் புதியவர்க்கு மூட்டைப்பூச்சியை நினைவூட்டும், பழகியவர்க்கோ நாவூறும். ஒருநாள், "இதை நட்டவர் யார்?" என்று கேட்டேன். "மலையில் தானே விளைவதை யார் நடுவார்?" என்றார் அன்னையார். இக்கிழங்கின் வரலாறு முழுவதும் அவ்விடையில் அடங்கியிருந்ததைப் பிற்காலத்திலேதான் உணர்ந்தேன்.

மாகாளி, எருக்குக்கும் நன்னாரிக்கும் உறவான ஒரு பாற்கொடி. கிள்ளினால் வெண்பால் வடியும். தென்னிந்தியாவின் வறண்ட காடுகளிலும் பாறைச் சரிவுகளிலும் வளர்வது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1819இல் சென்னை மாகாணத்துக்கு வந்த ஸ்காத்லாந்து நாட்டு அறிஞர் இராபர்ட் வைட், தம் நண்பர் ஆர்னாட்டுடன் சேர்ந்து 1834இல் இதற்கு 'டெகலெபிஸ் ஹாமில்டோனி' என்னும் அறிவியற் பெயரைச் சூட்டினார். பெயர் கிடைத்தது, பாதுகாப்புக் கிடைக்கவில்லை.

ஊறுகாய்க்கும் நன்னாரிக்கு மாற்றாகச் சர்பத்துக்கும் வேர் தேவைப்பட்டது. வேரை முழுதும் அகழ்ந்தால் கொடி மாய்கிறது. இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவை எதிர்நோக்கும் இனமாகப் பட்டியலிட்டுள்ளது. அகழ்ந்து பிழைக்கும் மலைவாழ் மக்களை மட்டும் குறை கூறுதல் நேர்மையன்று. விரும்பி உண்ட எங்கள் வீட்டு ஊறுகாய்ச் சாடிக்கும் இதில் பங்குண்டு.

இயற்கை இதற்கு வழி வகுக்காமல் இல்லை. இரட்டையாகத் தோன்றும் காய்கள் முற்றி வெடிக்கும்போது, பட்டிழை சூடிய விதைகள் காற்றில் மிதந்து செல்கின்றன. காய் முற்றுமுன் கொடியே தோண்டப்பட்டால் விதை ஏது?

ஆகவே காட்டில் இக்கொடியை மீண்டும் காண விரும்புவோர் விதையிலிருந்து தொடங்குதல் வேண்டும். காய் வெடிக்குமுன் மெல்லிய துணியால் அதனைக் கட்டிவைக்கலாம். விதைகளை நெடுநாள் சேமித்து வைத்தால் முளைப்புத் திறன் குன்றும். எனவே பட்டிழையை நீக்கி, மணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்த, நீர் தேங்காத பாத்தியில் விரைவில் விதைத்தல் நன்று. வேரூன்றிய கன்றுகளை மழைக்காலத் தொடக்கத்தில், வனத்துறையின் இசைவோடு, பற்றிப் படரப் புதர்கள் உள்ள சரிவுகளில் நடலாம்.

மாணவர்களே! பல தலைமுறையினர் நடாமலே உண்டோம். "நட்டவர் யார்?" என்று உங்கள் பேரப்பிள்ளைகள் கேட்கும் நாளில், விடை கூற உங்களுள் ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.