ஷிராஸ் வந்த வழி

நைட்ரேட் படச்சுருள் தன்னைத்தானே தின்னும் பொருள். வெப்பமும் ஈரமும் பட்டால் பிசுபிசுக்கும், ஒன்றோடொன்று ஒட்டும், கடைசியில் பொடியாகும். தீப்பிடித்தால் தண்ணீருக்கும் அடங்காது. இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேசாப்படங்கள் இந்தச் சுருளில்தான் எடுக்கப்பட்டன. மிஞ்சியவை மிகச் சொற்பம். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' போயிற்று, அவருடைய மற்றப் படங்களும் போயின. பேசும்படம் வந்ததும் பழைய சுருள்களை அவற்றிலுள்ள வெள்ளிக்காகவே உருக்கினார்கள்.

'ஷிராஸ்' பிழைத்தது நாட்டை விட்டுப் போனதால்.

1928-ல் வந்த படம். தயாரித்து, ஷிராஸாகவும் நடித்தவர் ஹிமான்சு ராய். கதை நிரஞ்சன் பாலுடையது, இயக்கம் ஜெர்மானியரான பிரான்ஸ் ஆஸ்டன். லண்டன் கம்பெனி ஒன்றும் பெர்லினின் உஃபா நிறுவனமும் பணம் போட்டன. தாஜ்மகாலை வரைந்தவன் ஒரு குயவர் வீட்டுப் பையன் என்பது கதை. வரலாறு அப்படியில்லை, ஆனால் ஆக்ராவின் வெயிலும் யானைகளும் ஒட்டகங்களும் கூட்டமும் நிஜம். அவற்றைச் சுமந்த நெகட்டிவ் லண்டனுக்குப் போனது. 1940-களில் அங்குள்ள பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் காப்பகத்தில் அடைக்கலமானது. பிற்காலத்தில் அதிலிருந்து ஒரு பாசிட்டிவ் பிரதியும் எடுத்து வைத்தார்கள். அந்த முன்யோசனையை எவ்வளவு போற்றினாலும் தகும்.

அந்த இரண்டையும் கொண்டுதான் படத்தைச் சீரமைத்தார்கள். சீரமைப்பு என்பது அழகுபடுத்துவது அன்று. அசலையும் பிரதியையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு காட்சிக்கும் எது கெடாமல் இருக்கிறது என்று பார்த்து எடுக்க வேண்டும். கீறலையும் கறையையும் நீக்க வேண்டும், நடிகரின் முகத்தில் ஒரு புள்ளியையும் கூடுதலாகத் துடைத்துவிடாமல். வேகத்தையும் முடிவு செய்ய வேண்டும். பேசாப்பட நாட்களில் அதற்கு ஒரே கணக்கு கிடையாது, தவறினால் மும்தாஜ் ஓடுவாள்.

பிறகு இசை. பேசாப்படம் ஒருநாளும் மௌனமாக ஓடியதில்லை. நம் டென்ட் கொட்டகைகளில் ஆர்மோனியமும் தபலாவும் ஒலிக்க, பக்கத்தில் நின்று ஒருவர் கதை சொன்னார். ஊருக்கு ஊர் வாத்தியம் மாறும், படம் அதேதான். சுருளைப் பெட்டியில் அனுப்பலாம், அந்த ஓசையை அனுப்ப முடியாது. அதனால்தான் ஒவ்வொரு தலைமுறையும் இந்தப் படங்களுக்குப் புதிதாக வாசித்தாக வேண்டியிருக்கிறது.

ஷிராஸுக்குச் சித்தார் கலைஞர் அனுஷ்கா சங்கர் வாசித்தார். முழுநீளப் படம் ஒன்றுக்கு அவர் இசையமைத்தது அதுவே முதல்முறை. 2017 அக்டோபரில், லண்டன் திரைப்பட விழாவில், பார்பிகன் அரங்கில் திரைக்கு முன்னே இசைக்குழு உட்கார்ந்தது. அடுத்த மாதமே படமும் குழுவும் இந்தியா வந்தன: ஹைதராபாத், கொல்கத்தா, டெல்லி, மும்பை. சென்னைக்கும் பெங்களூருக்கும் வரவில்லை.

பெங்களூரின் தொம்மலூருக்கு அது வட்டாக வந்தது. ஒரு மாடி அறையில், சுவரையே திரையாக்கிப் பார்த்தோம். ஷிராஸை யானைக் காலில் இட உத்தரவாகிறது. யானை காலைத் தூக்குகிறது. இசை அங்கே நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகக் கேட்கிறது, அது இன்னும் பயமாக இருக்கிறது. பின்னாளில் மும்தாஜ் ஆகும் சலீமாவாக வரும் ஏனாக்ஷி ராமராவின் முகத்தில் சித்தார் நின்று நகர்கிறது. ஆனாலும் வட்டில் பதிந்துவிட்ட இசைக்குக் கைகள் இல்லை. வாசிப்பவர் ஒரு கணம் தாமதித்தால் நம் மூச்சும் தாமதிக்கும் அந்தப் பிணைப்பை அரங்கில் மட்டுமே அடைய முடியும் என்று அன்று உறுதியாகத் தோன்றியது.

தொம்மலூரின் சொக்கநாதர் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்லில் வெட்டியதற்கு மறுபடி யாரும் உயிர் கொடுக்க வேண்டியதில்லை. சுருளுக்கு வேண்டும். இதே பேட்டையில் பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டரின் அரங்கம் இருக்கிறது. பேசாப்படத்தை நேரடி இசையோடு காட்ட, ஒரு திரையும் அதன்முன் வாசிப்பவர்கள் பத்துப் பேர் உட்கார இடமும் போதும்.

அதில் நான் முதலில் பார்க்க விரும்புவது ஷிராஸை அல்ல. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்ட வர்மா' என்ற பேசாப்படத்தை. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை அனுமதியின்றிப் படமாக்கியதாக வழக்கு வந்து, சுருள் முடக்கப்பட்டது. பூட்டிக் கிடந்ததாலேயே அழியாமல் இருந்து, 1974-ல் புனே திரைப்படக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரு நாகஸ்வரமும் தவிலும், கூடவே ஒரு வில்லுப்பாட்டுக் குழுவும் அதற்கு வாசிக்க வர வேண்டும்.