மன்னனின் காதலனும் காவலாளியும்

தன்பால் காதலை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒழுக்கத்தின் பெயரால் பேசுவார்கள். அந்த ஒழுக்கப் பேச்சுக்குள் குலப்பெருமையும் பதவி பறிபோகும் அச்சமும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதை நாடகக் கலை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துக் காட்டிவிட்டது.

கேன்டர்பரி நகரில் செருப்புத் தைத்தவரின் மகன் கிறிஸ்டோபர் மார்லோ. உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜில் படித்தார். 1593இல், 29 வயதில் கொல்லப்பட்டார். மறு ஆண்டு அவருடைய ‘இரண்டாம் எட்வர்ட்’ நாடகம் அச்சேறியது. அரியணை ஏறிய எட்வர்ட், தந்தை நாடு கடத்திய தன் காதலன் காவெஸ்டனைத் திரும்ப அழைத்துக் கார்ன்வால் பிரபுவாக்குகிறான். பிரபுக்கள் கொதித்தெழுகிறார்கள்.

அவர்கள் எதற்காகக் கொதிக்கிறார்கள் என்பதைச் சொல்லும் இடம் இந்நாடகத்தின் உயிர்நிலை. அலெக்சாண்டருக்கு ஹெபெஸ்தியோன், அக்கிலீசுக்குப் பத்ரோக்ளஸ் என மாவீரர்களுக்கும் ஆண் துணைகள் இருந்ததுண்டு, மன்னனை விட்டுவிடு என்று பிரபுக்களில் ஒருவரான மூத்த மார்ட்டிமர் இளைய மார்ட்டிமரிடம் எடுத்துச் சொல்கிறார். மன்னனின் ஆசை தன்னை வருத்தவில்லை என்று இளையவன் ஒப்புக்கொள்கிறான். இழிபிறப்பாளன் ஒருவன் அரச தயவால் தலையெடுத்து, படைவீரர்கள் சம்பளமின்றிக் கலகம் செய்யும் வேளையில் நாட்டின் செல்வத்தை வாரி இறைப்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. முத்துகள் பதித்த இத்தாலிய மேலங்கி, கிரீடத்தைவிட விலையுயர்ந்த மணி மின்னும் தொப்பி என்று காவெஸ்டனின் உடுப்பை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிக் குமுறுகிறான்.

வரலாற்றில் காவெஸ்டன் ஏழையல்லன். கஸ்கனி நாட்டு வீரப் பெருமகன் ஒருவரின் மகன். அவன் பிறப்பைத் தாழ்த்திக் காட்டியவர் மார்லோ. 1924இல் ம்யூனிக் நகரில் இக்கதையைப் புதிதாக மேடையேற்றிய பெர்டோல்ட் பிரெக்ட், அவனைக் கசாப்புக்காரரின் மகனாகவே ஆக்கினார். காதலர் இருவருக்கும் இடையிலான படிநிலை வேறுபாடு கூடக்கூட, நாடகத்தின் கேள்வியும் கூர்மையாகிறது.

மார்லோ காவெஸ்டனைத் தியாகியாக்கவும் இல்லை. நாடகத்தின் தொடக்கத்தில், மன்னனின் கடிதத்தோடு நிற்கும் அவனிடம் ஏழைகள் மூவர் வேலை கேட்டு வருகிறார்கள். அவர்களில் ஒருவன் போரில் உழைத்த வீரன். அவர்களுக்கு நம்பிக்கை ஊட்டி அனுப்பிவிட்டு, இவர்கள் தனக்கு ஏற்றவர்கள் அல்லர், கவிஞர்களும் இசைவாணர்களும் போதும் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான். காதல் ஒருவனை மேலே தூக்கிவிட்டது. அவன் ஏறிய ஏணியோ அப்படியே நிற்கிறது.

நம் நாட்டிலும் இந்த ஏணியைக் காட்டிய நாடகம் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த மகேஷ் தத்தானி ஆங்கிலத்தில் எழுதி 1998இல் மேடையேறிய ‘ஆன் எ மக்கி நைட் இன் மும்பை’, ஆடை வடிவமைப்பாளர் கமலேஷின் அடுக்குமாடி வீட்டில் தொடங்குகிறது. உடன் இருப்பவன் அந்தக் கட்டடத்தின் காவலாளி. இருவரும் ஒன்றாக இருந்த பிறகு கமலேஷ் அவனிடம் பணம் கொடுக்கிறான். பிறகு நண்பர்கள் வருகிறார்கள். காதல், துரோகம், பொய்த் திருமணம் என மனம் திறந்து பேசுகிறார்கள். அந்த நண்பர்களுக்கெல்லாம் பெயர் உண்டு. காவலாளிக்குத் தொழிலே பெயர். அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவின் கீழ் இருவரும் குற்றவாளிகள்தாம். ஆனால் பிடிபட்டால் ஒருவனுக்கு வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவனுக்கு வேலையும் தங்குமிடமும் போகும்.

வயதுவந்தோர் மனமொத்துக் கூடுவது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. அது பெரும் வெற்றி. எனினும் தனியறைக்குள் கிடைத்த உரிமை, தனியறை உள்ளவர்களுக்கே முதலில் பயன்படுகிறது. பத்துப் பேர் படுக்கும் வாடகை அறையில் வாழும் தொழிலாளிக்கு அந்தத் தீர்ப்பு பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது.

பால்புதுமையினர் நாடகங்கள் இன்று நம் மேடைகளிலும் பெருகிவருவது மகிழ்ச்சிக்குரியது. அவற்றை எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். வசதியுள்ளவனின் தவிப்பை எழுதும் அதே அக்கறையோடு, அவன் காதலித்த ஓட்டுநரையும் சமையற்காரரையும் காவலாளியையும் எழுதுங்கள். அவர்களுக்குப் பெயர் கொடுங்கள். ஆசைப்படவும், பேரம் பேசவும், மறுக்கவும் வசனம் கொடுங்கள். இருவருக்கும் சமமாகப் பேச இடம் தரும் மேடையே அவர்களின் காதலை முழுமையாகக் காட்ட வல்லது.