உண்ணிவழி நோய்களைக் கண்டறிவதில் மரபணு வரிசைப்படுத்தல்: ஒரு வரலாறு

ஆடு, மாடு, நாய், மான் போன்ற விலங்குகளின் தோலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்து வாழும் சிறிய உயிரி உண்ணி ஆகும். எட்டுக் கால்களைக் கொண்ட இது பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று; சிலந்திக்கு உறவானது. பாக்டீரியா, வைரஸ், ஒருசெல் ஒட்டுண்ணி என மூவகை நோய்க்கிருமிகளையும் இது மனிதருக்குக் கடத்துகிறது. தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்கிரப் டைபஸ் இவற்றிலிருந்து வேறுபட்டது. அதைப் பரப்புவது மைட் எனப்படும் மிகச் சிறிய உயிரியின் இளம்பருவமாகும்.

உண்ணிவழி நோய்கள் பலவும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, சோர்வு என ஒரே மாதிரி தொடங்குகின்றன. ஆனால் மருந்து ஒன்றன்று. டாக்சிசைக்ளின் என்னும் மருந்து உண்ணிவழிப் பாக்டீரியாக்கள் பலவற்றைக் கட்டுப்படுத்தும். வைரஸை ஒன்றும் செய்யாது. எனவே எந்தக் கிருமி என்று அறிவது சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடியது. இதற்கு மரபணு வரிசைப்படுத்தல் எவ்வாறு உதவத் தொடங்கியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நுண்ணோக்கியின் காலம்

அமெரிக்காவில் மாடுகளைக் கொன்ற டெக்சாஸ் காய்ச்சலை உண்ணியே கடத்துகிறது என்பதைத் தியோபால்ட் ஸ்மித்தும் எஃப். எல். கில்போர்னும் 1893இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினர். 1906இல் ஹோவர்ட் ரிக்கெட்ஸ், ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் உண்ணியால் பரவுவதைச் சோதனை விலங்குகளில் காட்டினார். டைபஸ் காய்ச்சலை ஆராயச் சென்ற அவர், 1910இல் மெக்சிகோ நகரில் அந்நோய்க்கே பலியானார். ரிக்கெட்சியா என்ற பாக்டீரியா இனம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

1970களில் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குழந்தைகள் பலருக்கு மூட்டுவீக்கம் ஏற்பட்டது. காரணக் கிருமி 1981 வரை தெரியவில்லை. அவ்வாண்டு வில்லி பர்க்டார்ஃபர், நியூயார்க் மாநிலத்தின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளில் ரிக்கெட்சியாவைத் தேடிக்கொண்டிருந்தார். நுண்ணோக்கியில் அவர் கண்டதோ சுருள்வடிவப் பாக்டீரியா. லைம் நோய்க்குக் காரணமான அக்கிருமிக்குப் பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று பெயரிடப்பட்டது.

இம்முறைகளுக்கு ஓர் எல்லை இருந்தது. கிருமி கண்ணில் பட வேண்டும். அல்லது ஆய்வகத்தில் வளர வேண்டும். உண்ணிவழிப் பாக்டீரியாக்களில் பல, உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளர்பவை. இரத்தத்தில் பிறபொருளெதிரிகளைத் தேடும் சோதனையும், அவை உருவாகச் சில வாரங்கள் ஆவதால், நோயின் தொடக்கத்தில் பயன் தருவதில்லை.

மரபணுவைப் படிக்கும் வழி

டிஎன்ஏயின் எழுத்து வரிசையைப் படிக்கும் நடைமுறை ஒன்றை ஃபிரெடெரிக் சாங்கர் 1977இல் வெளியிட்டார். அதே காலத்தில் கார்ல் வோஸ், ரைபோசோமில் உள்ள ஆர்என்ஏயை ஒப்பிட்டு உயிரினங்களின் உறவைக் கணிக்கலாம் என்று காட்டினார். 1983இல் கேரி முல்லிஸ் உருவாக்கிய பிசிஆர் முறை, மிகச் சிறிதளவு டிஎன்ஏயையும் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்கியது.

இம்மூன்றும் இணைந்தபோது புதிய வழி பிறந்தது. எல்லாப் பாக்டீரியாக்களிலும் 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணு உள்ளது. அதன் சில பகுதிகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். இடையிலுள்ள பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். பொதுப் பகுதிகளைப் பிடித்துப் பெருக்கி, மாறும் பகுதிகளைப் படித்தால், வளர்க்க முடியாத பாக்டீரியாவின் இனத்தையும் அறியலாம்.

அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் 1990களின் தொடக்கத்தில் இது பயன்பட்டது. உண்ணிக்கடிக்குப் பின் காய்ச்சல் கண்டவர்களின் வெள்ளணுக்களில் பாக்டீரியாத் திரள்கள் தெரிந்தன. 1994இல் வெளியான 16எஸ் வரிசை, அக்கிருமி ஆடு, மாடு, குதிரைகளில் நோய் உண்டாக்கும் எர்லிக்கியா வகைகளுக்கு மிக நெருங்கியது என்று காட்டியது. கால்நடை மருத்துவர்கள் அறிந்திருந்த கிருமிக் கூட்டம் மனிதரையும் தாக்குவது தெளிவாயிற்று. இன்று அது அனபிளாஸ்மா பேகோசைட்டோபிலம் எனப்படுகிறது.

பெயர் தெரியாத கிருமிகள்

2009இல் சுவீடனில், நோயெதிர்ப்பு குன்றிய 77 வயது முதியவருக்குக் காய்ச்சல் மீண்டும் மீண்டும் வந்தது. அவரது இரத்தத்தில் கிடைத்த 16எஸ் வரிசை, நியோஎர்லிக்கியா மிக்குரென்சிஸ் என்ற பாக்டீரியாவுடன் பொருந்தியது. அதற்கு முன் ஜப்பானில் எலிகளிலும் உண்ணிகளிலும் விவரிக்கப்பட்டிருந்த கிருமி அது. டாக்சிசைக்ளின் கொடுத்ததும் அவர் குணமடைந்தார். அப்போது அக்கிருமியை எந்த ஆய்வகத்திலும் வளர்க்க முடிந்திருக்கவில்லை.

வைரஸ்களுக்கு 16எஸ் போன்ற பொது மரபணு இல்லை. இக்குறையை நீக்கியது அடுத்த தலைமுறை வரிசைப்படுத்தல். மாதிரியிலுள்ள இலட்சக்கணக்கான மரபணுத் துண்டுகளை இது ஒரே நேரத்தில் படிக்கிறது. கணினி மனித மரபணுவைக் கழித்துவிட்டு, எஞ்சியதைத் தரவுத்தளத்துடன் ஒப்பிடுகிறது.

2009இல் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் உழவர் இருவர் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்ந்தனர். இருவரையும் உண்ணி கடித்திருந்தது. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறைந்திருந்தன. எர்லிக்கியா என்று கருதிக் கொடுத்த டாக்சிசைக்ளின் பலன் தரவில்லை. எர்லிக்கியாவை வளர்க்க வைத்த செல்களில் வைரஸ் வளர்ந்தது. வரிசைப்படுத்தியபோது அது அதுவரை அறியப்படாதது என்று தெரிந்தது. 2012இல் ஹார்ட்லேண்ட் வைரஸ் என்ற பெயரில் அது அறிவிக்கப்பட்டது.

2014இல் கான்சஸ் மாநிலத்தின் பர்பன் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் நோய்வாய்ப்பட்டு 11 நாட்களில் இறந்தார். அவரது மாதிரியில் ஹார்ட்லேண்ட் வைரஸைத் தேடினர், அது இல்லை. ஆனால் வேறொரு வைரஸ் வளர்ந்தது. வரிசைப்படுத்தலில் அது தோகோட்டோவைரஸ் இனத்தின் புதிய உறுப்பினர் எனத் தெரிந்து, பர்பன் வைரஸ் எனப் பெயர் பெற்றது.

பிசிஆர் சோதனை, ‘இந்தக் கிருமி இருக்கிறதா?’ என்று கேட்கிறது. பரந்த வரிசைப்படுத்தல், ‘என்ன கிருமி இருக்கிறது?’ என்று கேட்கிறது. மேற்கண்ட கண்டுபிடிப்புகளுக்கு வழிவிட்டது இந்த இரண்டாவது கேள்வியே.

வரம்புகள்

நோயாளியின் இரத்தத்தில் உள்ள மரபணுப் பொருளில் மிகப் பெரும்பகுதி மனிதருடையது. லைம் நோயில் பாக்டீரியா இரத்தத்தில் மிகக் குறைவாகவும் குறுகிய காலமும் மட்டுமே இருப்பதால், இரத்த மாதிரியில் கிருமி அகப்படாமலே போகலாம். ஆகவே ‘இல்லை’ என்ற முடிவு நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. மாறாக, தோலிலிருந்தோ சோதனைப் பொருட்களிலிருந்தோ கலந்த பாக்டீரியாவின் டிஎன்ஏ தவறான ‘ஆம்’ தரலாம். இறந்த கிருமியின் எச்சத்தையும் உயிருள்ள கிருமியையும் டிஎன்ஏ வரிசை பிரித்துக் காட்டாது. லைம் நோய்க்கே உரிய பரவும் செந்நிறத் தடிப்பைக் கண்ட மருத்துவர், எந்தச் சோதனைக்கும் காத்திராமல் சிகிச்சை தொடங்குவது இன்றும் வழக்கமாகும்.

இந்தியாவில்

1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டக் காட்டில் குரங்குகள் செத்து விழுந்ததைத் தொடர்ந்து கியாசனூர் காட்டு நோய் கண்டறியப்பட்டது. இதன் வைரஸை உண்ணிகள் கடத்துகின்றன. 2012-13இல், முதுமலைக் காட்டை ஒட்டிய பந்திப்பூர் புலிகள் காப்பகப் பகுதியில் நோய் தோன்றியபோது, வைரஸின் ஆர்என்ஏயை டிஎன்ஏயாக மாற்றிப் பெருக்கும் பிசிஆர் முறையால் அது உறுதிசெய்யப்பட்டது. அறிந்த கிருமிக்கு இதுவே விரைவானது, செலவும் குறைவு. வைரஸ் எங்கிருந்து பரவியது, எவ்வாறு மாறியுள்ளது என்பவற்றை ஆராய வரிசைப்படுத்தல் உதவுகிறது.

ஆகவே வரிசைப்படுத்தல் பழைய சோதனைகளுக்கு மாற்றன்று. வழக்கமான சோதனைகள் விடை தராதபோதும், கொடுத்த மருந்து பலனளிக்காதபோதும் எடுக்கப்படும் அடுத்த படியாகும். உண்ணி கடித்ததையும் காட்டுக்கோ மேய்ச்சல் நிலத்துக்கோ சென்றுவந்ததையும் நோயாளி மருத்துவரிடம் சொல்வது, எந்தச் சோதனையைத் தேர்வது என்பதற்கு இன்றும் முதல் தடயமாக இருக்கிறது.