காக்கைக் கூட்டில் யார் பிள்ளை?

சித்திரை, வைகாசியில் நம் வளாகத்து வேப்பமரங்களில் காகம் கூடு கட்டும். அதே நாட்களில் குயிலும் கூவும். இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பை நம் முன்னோர் எப்போதோ கண்டுவிட்டார்கள். வடமொழியில் குயிலுக்குப் 'பரபிருதம்' என்று பெயர். பிறரால் வளர்க்கப்பட்டது என்று பொருள். காளிதாசனின் சாகுந்தலத்தில் துஷ்யந்தன் இதைச் சொல்லித்தான் சகுந்தலையைப் பழிக்கிறான்.

ஐரோப்பாவில் அங்குள்ள குயிலைப் பற்றி அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். ஆனால் குஞ்சு கூட்டுக்குள் என்ன செய்கிறது என்பதை 1788-இல் விளக்கமாக எழுதியவர் எட்வர்ட் ஜென்னர். பின்னாளில் அம்மைத் தடுப்பூசி தந்த அதே மருத்துவர். கண் திறக்காத குஞ்சு மற்ற முட்டைகளை முதுகால் நெம்பி வெளியே தள்ளுவதை அவர் பதிவு செய்தார்.

நம் ஊர்க் குயில் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. காகக் குஞ்சுகளுக்கு ஏறக்குறைய 3 நாள் முன்பே பொரித்து, இரையை முந்திக்கொண்டு வாங்கும். ஒரே கூட்டில் இரண்டும் வளர்வதுண்டு.

அப்படியானால் கீழே விழுந்து கிடக்கும் குஞ்சு எது? கறுப்பு நிறம் ஏமாற்றும். குரலும் ஏமாற்றும், குயில் குஞ்சு முதலில் காகம் போலவே கத்தும். கால் விரலைப் பாருங்கள். முன்னால் 3, பின்னால் 1 என்றால் காகம். முன்னால் 2, பின்னால் 2 என்றால் குயில். இன்னொரு வேடிக்கை: அறிவியல் வகுத்த 'பாடும் பறவைகள்' பிரிவில் காகம் உண்டு, குயில் இல்லை! நம் எட்டயபுரத்துப் பாரதி 'குயில் பாட்டு' பாடியது வேறு கணக்கு.

காகம் கப்பலேறிப் பரவிய பறவை. 1890-களில் காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் காகங்களைக் கொண்டுபோனார்கள். பின்னர் சிங்கப்பூரிலும் காகம் பெருகியது. 1980-களிலிருந்து அங்கே குயிலும் கூடு தேடி வந்து பெருகியது. காக்கைக் கூடு இருக்கும் இடத்தில்தான் குயிலுக்கும் பிழைப்பு.

ஆகவே, கூடுள்ள கிளைகளை ஆவணி வரை வெட்டச் சொல்லாதீர்கள். அடிபடாத குஞ்சு கிடந்தால் பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். வீட்டுக்குள் எடுத்துப்போய்ப் பாலும் சோறும் ஊட்ட வேண்டாம். காகமானாலும் குயிலானாலும் அதற்கு இரை கொண்டுவரும் தாய் மரத்திலேயே இருக்கிறது.