ஊசிக்கு முன் ஒரு கேள்வி



போன வாரம் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனேன். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா சார்?" என்று டாக்டரம்மா கேட்டார். "சுகர் மாத்திரை மட்டும்தாம்மா" என்றேன். கை நடுக்கத்துக்குத் தினமும் போடும் புரோப்ரனோலாலை மறந்தே போனேன். கூட வந்த வீட்டுக்காரம்மாதான் சொன்னார். டாக்டர் உடனே பிரஷர் பார்த்தார். மருந்தின் அளவைக் குறைத்து மெதுவாக ஊசி போட்டார்.

ஏன் என்று தேடினால், ஒரு வரலாறே இருக்கிறது. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர், கோகெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டால் வலியின்றி அறுவை செய்யலாம் என்று காட்டினார். அதே ஆண்டு நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் தாடை நரம்பை அதனால் மரத்துப்போகச் செய்தார்; தன்மேல் செய்த சோதனைகளால் அதற்கே அடிமையும் ஆனார். மாற்றாக ஜெர்மனியில் ஐன்ஹார்ன் புரோக்கெய்னை உருவாக்கினார். அது போட்ட இடத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. 1905-இல் பிரவுன் அதோடு அட்ரினலினைச் சேர்த்தார். ரத்தக்குழாய் சுருங்க, மருந்து அங்கேயே தங்கியது. 1943-இல் சுவீடனில் லோஃப்கிரென் உருவாக்கிய லிக்னோகெய்னிலும் அந்தச் சேர்க்கை தொடர்ந்தது.

1960களில் ஜேம்ஸ் பிளாக்கின் புரோப்ரனோலால் வந்தது. அட்ரினலின் சில ரத்தக்குழாய்களைச் சுருக்கும், சிலவற்றை விரிக்கும். இந்த மாத்திரை விரிவதைத் தடுத்துவிடும். சுருக்கம் மட்டும் மிஞ்சி, பிரஷர் திடீரென ஏறலாம்.

"கேள்வியை முழுசாப் படிச்சிட்டுப் பதில் எழுது" என்று உங்களை அதட்டியவன் நான்! இப்போது என் சட்டைப் பையில் மாத்திரைப் பட்டியல் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள்.