முற்றத்தில் விழுந்த மழை



சென்ற மாதம் எமது வானொலியில் நான் ஆற்றிய 'முற்றம்' என்ற பேச்சைப் பதினைந்து நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டியிருந்ததால் பல விடயங்களை விட்டுவிட்டேன். பேச்சு முடிந்ததும் வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "அண்ணை, நாங்கள் பின்வளவுக்குக் கல்லுப் பதிக்கப்போறம். ஊரிலை வீட்டு முத்தத்துக்கும் அதையே போடலாமெண்டு யோசிக்கிறம். என்ன கல்லு நல்லது?" நான் கணக்காளன், மேசன் அல்ல. ஆனால் இந்த விடயத்தில் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையில், விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டில் இரண்டு மழைகள் என் வீடுகளுக்குள் வந்தன. முதலாவது ஓகஸ்ட் 9ஆம் திகதி, டெபி சூறாவளியின் எச்சமாக மொன்றியலில் பெய்தது. ஒரே நாளில் 150 மில்லிமீற்றர் அளவில் கொட்டித் தீர்த்த அந்த மழையில் நிலக்கீழ் அறைகள் நிறைந்த பலருள் நானும் ஒருவன். ஜான்-டலோன் சந்தைக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் எனது வீடு. இருபது வருட வரிக் கோப்புகள் ஈரமாகின. இரண்டாவது மழை அதே ஆண்டு நவம்பர் கடைசி வாரத்தில், பெங்கால் புயலோடு யாழ்ப்பாணத்தில் பெய்தது. அது எங்கள் ஊர் வீட்டின் மண்டபத்துக்குள் புகுந்தது. அந்த வீட்டில் அக்கா இருக்கிறா.

அக்கா தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தம்பி, அப்பா இருந்த காலத்திலை எத்தினை மாரி பார்த்தனாங்கள். ஒருநாளும் தண்ணி வாசற்படி ஏறேல்லை. நீ காசு அனுப்பிக் கல்லுப் போட்ட பிறகுதான் ஏறுது."

உண்மைதான். 2018இல் முற்றம் முழுவதற்கும் பூட்டுக்கல் பதிக்கக் காசு அனுப்பியவன் நான். புல் பிடுங்கத் தேவையில்லை, சேறு இல்லை, வாகனம் உள்ளே வரலாம் என்று நினைத்தேன். படம் அனுப்பினார்கள், வடிவாக இருந்தது. முற்றம் எதற்காக இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

முற்றம் என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் இன்னொரு வடிவம் முன்றில். இல்லின் முன் என்பதைத் திருப்பிப் போட்டு 'முன்றில்' ஆக்கினார்கள் என்று இலக்கணம் படித்தவர்கள் சொல்வார்கள். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலோ அது வீட்டின் முன்னால் மட்டுமல்ல, நடுவிலும் இருந்தது. நான்கு பக்கமும் தாழ்வாரம், நடுவே வானம் பார்த்த சதுரம். கூரைகள் உள்நோக்கிச் சரிந்திருக்கும். மழை பெய்தால் நான்கு கூரைத் தண்ணீரும் அந்த நடுமுற்றத்தில் விழும். அங்கிருந்து தரையின் கீழ் வைத்த தூம்பு வழியாக வளவுக்குப் போகும். செட்டிநாட்டு வீடுகளின் வளவும் கேரளத்து நாலுகெட்டும் இதே குடும்பம்தான். ரோமாபுரி மக்களும் வீட்டின் நடுவே கூரையைத் திறந்துவிட்டு, கீழே தொட்டி கட்டி, விழுந்த மழையை நிலத்தடித் தாங்கியில் சேர்த்தார்கள். பொம்பெயி நகரின் இடிபாடுகளில் அந்தத் தொட்டிகளை இன்றும் பார்க்கலாம்.

வெக்கையும் கடும் மழையும் சேர்ந்த ஊரில் வெளித்தளம் அமைப்பதற்கு எங்கள் பெரியவர்களிடம் எழுதாத திட்டம் ஒன்று இருந்தது. முதலில் வீட்டின் அத்திவாரத்தை உயர்த்துவார்கள். விறாந்தை முற்றத்திலிருந்து இரண்டு மூன்று படி மேலே இருக்கும். முற்றத்தின் சரிவைக் கயிறு கட்டி, நீர்மட்டம் பிடித்து, வீட்டுக்குப் புறம்பாக விடுவார்கள். தாழ்வாரத் தண்ணீர் விழுகின்ற கோட்டில் மண் அரிக்காமல் இருக்கக் கல் அடுக்குவார்கள். மற்ற இடமெல்லாம் வெறும் நிலம். வசதியுள்ளவர்கள் கடற்கரையிலிருந்து வெண்மணல் கொண்டுவந்து பரப்புவார்கள். வெள்ளை மணல் வெயிலைத் திருப்பி அனுப்பும், மழையை உடனே உள்ளே விடும். பெருமழை விட்டு அரைமணித்தியாலத்தில் அதிலே நடக்கலாம். அடுப்படித் தண்ணீரும் கிணற்றடித் தண்ணீரும் வாழைக்குப் போகும். காலையில் ஈர்க்குமாறு போட்ட கோடுகளோடு கிடந்த அந்த மணலை நாங்கள் அழகுக்கென்றே நினைத்திருந்தோம்.

இதற்கு யாழ்ப்பாணத்தில் தனியான காரணம் உண்டு. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகின்ற ஆறு இல்லை. மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் நல்ல தண்ணீர். நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அந்தச் சுண்ணாம்புக்கல்லின் பிள்ளைகள். அந்தத் தண்ணீருக்கு மழையைத் தவிர வேறு வருமானம் கிடையாது. வருடத்துக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். மூன்று மாத வரவில் பன்னிரண்டு மாதச் செலவு. என் தொழிலில் இப்படியான வாடிக்கையாளர் வந்தால், வருகின்ற ஒவ்வொரு சதத்தையும் வங்கியில் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

நான் செய்தது அதற்கு நேர்மாறு. எங்கள் வளவு நாலு பரப்பு, அதாவது கால் ஏக்கர். கல்லால் மூடியது ஏறக்குறைய ஒரு பரப்பு. ஒரு பரப்பு என்பது 253 சதுர மீற்றர். அதன்மேல் வருடம் முழுவதும் விழும் மழையைப் பெருக்கிப் பார்த்தால் 3 இலட்சத்து 16 ஆயிரம் லீற்றர் வருகிறது. எல்லாமே கிணற்றுக்குப் போயிருக்காது, வெயிலும் மரங்களும் தங்கள் பங்கை எடுத்திருக்கும். ஆனாலும் உள்ளே இறங்க வேண்டிய தண்ணீரை ஒழுங்கைக்கும் அயல் வீட்டு வேலிக்கும் அனுப்பிய கணக்கு அது. கல் பதித்தவர்கள் வாகனம் ஏறுவதற்கு வசதியாக முற்றத்தை உயர்த்தியும்விட்டார்கள். மூன்று படி ஒரு படியாகிவிட்டது. சரிவு எந்தப் பக்கம் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

முற்றம் எப்போது எங்களை விட்டுப் போனது? சண்டையைத்தான் எல்லோரும் சொல்வார்கள், அதில் நியாயமும் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்தவர்கள் பலர், காணிகள் படிப்படியாக விடப்பட்டபோது போய்ப் பார்த்து, கிணற்றையும் அத்திவாரத்தையும் வைத்துத்தான் தங்கள் வீட்டை அடையாளம் கண்டார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மழைக்குள் ஊரே எழும்பி நடந்ததை இதை வாசிப்பவர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் நாற்சார் வீட்டைக் கட்டுவது அதற்கு முன்னரே குறைந்துவிட்டது. நடுவே வெறும் வெளியை விடுவது வீண் செலவு என்ற எண்ணம் வந்து, மண்டபமும் போட்டிக்கோவும் நாகரிகம் ஆகின. கொழும்பிலே 1960களின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, ஈனா டி சில்வாவுக்காகச் சிறிய காணியில் ஒரு வீடு கட்டியபோது நடுமுற்றத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். உலகம் அதைப் புதுமை என்று பாராட்டியது. எங்கள் பாட்டிமார் கண்டிருந்தால், இதிலென்ன புதுமை என்று கேட்டிருப்பார்கள்.

இனி நாங்கள் இருக்கின்ற இடத்துக்கு வருகிறேன்.

ஜான்-டலோன் சந்தை 1933இல், உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, வேலையற்றோருக்கு வேலை கொடுக்கும் திட்டங்களின் காலத்தில் திறக்கப்பட்டது. அப்போது அதன் பெயர் வடக்குச் சந்தை. அதற்கு முன் அந்த நிலம் ஐரிஷ்காரர்களின் லக்ரோஸ் விளையாட்டு மைதானம். பின்னரே அதற்கு ஜான் டலோனின் பெயரை வைத்தார்கள். அவர் 1665இல் பிரெஞ்சு அரசரால் அனுப்பப்பட்ட நிர்வாகி. 1666இல் இந்நாட்டின் முதல் குடிசனக் கணக்கை எடுத்து, குடியேறியவர்கள் 3,215 பேர் என்று பதிந்தவர். ஆதிக்குடிகளை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. கணக்கு எழுதுபவன் என்பதால் அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை, அந்த விடுபட்ட வரியால் ஒரு சங்கடம்.

சந்தையைச் சுற்றிக் குடியேறிய இத்தாலியர் தங்கள் பின்வளவுகளைப் பயன்படுத்திய விதம் எங்களுக்கு நெருக்கமானது. கொஞ்சம் சீமெந்துத் தரை, மேலே முந்திரிகைப் பந்தல், மற்றதெல்லாம் மண். தக்காளி, துளசி, அத்தி. பனிக்காலம் வருமுன் அத்தி மரத்தை வளைத்து மண்ணுக்குள் புதைத்து, வசந்தத்தில் எழுப்புவார்கள். புரட்டாதி வந்தால் சந்தையில் பெட்டி பெட்டியாக வைன் முந்திரிகை வாங்குவார்கள். நாங்கள் பார்க் எக்ஸ்ரென்சனில் இருந்த காலத்தில் அதே சந்தையில் கத்தரிக்காயும் மிளகாயும் தேடி அலைந்தோம்.

அந்தச் சந்தை இருக்கின்ற ரோஸ்மொன்ட் - லா பெத்தீத்-பத்ரி நகரப் பிரிவு 2011இல் ஒரு விதி கொண்டுவந்தது. புதிதாகப் போடுகின்ற தட்டைக் கூரைகள் வெள்ளையாகவோ பசுமையாகவோ வெயிலைத் திருப்பி அனுப்பக்கூடியதாகவோ இருக்க வேண்டும். கோடை வெப்பத்தைக் குறைப்பதற்காக. எங்கள் வெண்மணல் செய்த வேலை அது. வீடுகளுக்குப் பின்னால் உள்ள தாரொழுங்கைகளின் ஓரங்களை உடைத்து, மண் போட்டுச் செடி நடுகின்ற 'பச்சை ஒழுங்கை' வேலையும் அங்கே பல வருடங்களாக நடக்கிறது. இந்த நகரத்தின் பழைய பகுதிகளில் மழைத் தண்ணீரும் கழிவு நீரும் ஒரே குழாயில் போகின்றன. மழை மிஞ்சினால் குழாய் திரும்பி வீட்டுக்குள் வருகிறது. 1987 யூலை 14ஆம் திகதி டெக்காரி நெடுஞ்சாலை ஆறாகியதைக் கண்டவர்கள் எங்களில் சிலர் இருக்கிறார்கள். ஆகவே மண்ணைத் திறந்துவிடுங்கள் என்று மாநகரமே சொல்கிறது. இங்கே பின்ஒழுங்கையில் தாரை உடைக்க அயலவரோடு சேர்ந்து கையெழுத்து வைத்துவிட்டு, ஊரில் முற்றத்தை மூடக் காசு அனுப்பியவன் நான்.

கேள்வி கேட்ட நேயர்களுக்கு: மொன்றியலில் கல் பதிப்பதானால் உறைபனியே முதல் எதிரி. கல்லுக்குக் கீழே நன்றாக இறுக்கிய சல்லி குறைந்தது ஆறு அங்குலம், களிமண் என்றால் அதற்கு மேலும் வேண்டும். சரிவு வீட்டிலிருந்து வெளியே, பத்தடிக்கு இரண்டு முதல் இரண்டரை அங்குலம். ஊரில் உறைபனி இல்லை. அங்கே எதிரி தேங்கும் தண்ணீரும் வெக்கையும் பாசியும். கல் வேண்டுமென்றால் நடக்கும் பாதைக்கும் வாகனம் ஏறும் இரண்டு தடத்துக்கும் மட்டும் போடுங்கள். இடைவெளியைச் சீமெந்தால் அடைக்காமல் மணலால் நிரப்புங்கள். படியை விழுங்க விடாதீர்கள். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். சட்டம் இல்லாத இடத்திலும் ஒரு கிடங்கு வெட்டி உடைகல் நிரப்ப யாரும் தடுக்கப்போவதில்லை. மலசலகூடக் குழிக்குக் கிட்ட மட்டும் வேண்டாம்.

அக்கா வீட்டில் 2025 தையில் வேலை தொடங்கினோம். தாழ்வாரத்தை ஒட்டி நாலடி அகலத்துக்குக் கல்லைக் கிளப்பி, கீழிருந்த இறுக்கிய மண்ணையும் எடுத்து, உடைகல்லும் மணலும் போட்டோம். பொங்கலுக்கு முன் அந்த இடத்தில் உலக்கையால் கோடு கீறி மாக்கோலம் போட முடிந்தது. ஏழு வருடமாகக் கல்லின்மேல் தகரம் வைத்து அதன்மேல்தான் அடுப்பு மூட்டினதாம். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கிளப்பிய கற்களில் கொஞ்சத்தைச் செவ்வரத்தையைச் சுற்றி அடுக்கினார்கள், மிச்சம் கோடியில் குவிந்து கிடக்கிறது.

அந்த வருடம் ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த அன்று நானே அழைத்து, தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டேன்.

"நிக்கேல்லை தம்பி. உடனை இறங்கீட்டுது. கல்லுக்குக் குடுத்த காசை மட்டும் நீ இனி நினையாதை."